இருக்கையில் இல்லை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அது தப்பு. மூக்கு நுனி வரை வந்து நின்று யோசிக்கிற பொறுமையெல்லாம் என் கோபத்துக்குக் கிடையாது. நேராக விரலில்தான் இறங்கும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் வயிற்றைக் கழுவுவது மனு அடிக்கிற வேலைதான். பட்டாவில் பெயர் மாறவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, தெருவிளக்கு எரியவில்லை, யார் எந்தக் குறையோடு வந்தாலும் பத்தே நிமிடத்தில் அடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். நான் அடித்த மனுவைப் படித்தால் அதிகாரி சாய்ந்த முதுகை நிமிர்த்தியாக வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிர் ஒரு பெண்ணின் வேலையில் போய் எப்படி இடித்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதாமல் உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல். கைலாசபுரம் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் ஃபிட்டர் வேலை பார்க்கிறார். வலி வந்தால் சுருண்டு படுத்துக்கொள்வார், விட்டதும் எழுந்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்று தடவை அப்படிச் சுருண்ட பிறகு நானே இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்வது. வியாழக்கிழமை காலையிலேயே ஆண்கள் அறுவை வார்டில் படுக்கை போட்டாகிவிட்டது.

வார்டு என்றால் ரெண்டு பெரிய ஹால். நடுவில் ஒரு நடைபாதை. நடைபாதையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதுதான் நர்ஸ் உட்காருகிற இடம். உட்காருகிற இடம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறேன். அந்த நாற்காலியில் நான் அதிகம் பார்த்தது ஒரு துணிப்பையைத்தான். அந்தப் பைக்குச் சொந்தக்காரி முப்பது வயசுக்குள் இருக்கிற ஒல்லிப் பெண். லால்குடி பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நடக்க மாட்டாள், பாதி ஓட்டம்தான். வியாழக்கிழமை ராத்திரி ட்யூட்டிக்கு வந்தவள் முதலில் எங்கள் கட்டிலுக்குத்தான் வந்தாள்.

"பத்து மணிக்கு மேல எதுவும் குடுக்காதீங்கம்மா. தண்ணி கூட வேணாம். காபி, டீ, இளநி, ஒண்ணும் கூடாது. புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றேன். என்னைப் பார்த்தால் புரியாதவள் மாதிரியா இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல் வேறு.

அன்று சாயங்காலம் உடுப்பு எடுக்க ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு மாமி கோயில் கைங்கர்யக் குடும்பம். என்னைப் பார்த்ததும் வாசலுக்கே வந்து, ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கையில் வைத்தார்.

"பெருமாள் பிரசாதம். தீர்த்தமும் சின்ன பாட்டில்ல இருக்கு. நாளைக்குக் கார்த்தால தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வாய் ஸ்வீகரிச்சுக்கச் சொல்லுங்கோ. எல்லாம் அவன் பார்த்துப்பான்."

மாமிக்குப் பட்டினி விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும், காலையிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தும் டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்தேன். எங்கள் தெருவில் பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிற பழக்கமே கிடையாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் கூட அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார்கள். விரதம் இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொன்னால்தான் பாவம். டாக்டர் சொன்ன "எதுவும்" என்பதில் பெருமாள் அடங்க மாட்டார் என்று நான் மனசார நம்பினேன். இதை இப்போது எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

காலை ஆறரை மணிக்கு அவர் முகம் வாடிக் கிடந்தது. பயத்தில் பாதி, பசியில் பாதி. டப்பாவைத் திறந்தேன். சர்க்கரைப் பொங்கல். நெய் உறைந்து, முந்திரி தெரிய, பச்சைக் கற்பூர வாசனை. ஒரு வாய் என்றுதான் ஆரம்பித்தேன். அவர் வாயைத் திறந்த விதத்தைப் பார்த்து மனசு கேட்கவில்லை. இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று டப்பா காலி. மேலே ஒரு மூடி தீர்த்தம். அவர் வாயைத் துடைத்துவிட்டு, நெற்றியில் கொஞ்சம் குங்குமம் வைத்து, எல்லாவற்றையும் பைக்குள் திணித்தேன். அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு ராத்திரி ட்யூட்டி முடியும். மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண்ணின் துணிப்பை நாற்காலியில் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தது, பெண்ணைக் காணோம். தியேட்டர் உடுப்பு எப்படிக் கட்டுவது, முடிச்சு முன்னாலா பின்னாலா என்று கேட்க நான் ரெண்டு தடவை மேஜைக்குப் போய்த் திரும்பினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம். அடுத்த ஹாலில் ஒருவருக்குத் தையல் விட்டு ரத்தம் கசிந்து அவள் அங்கே நின்றிருக்கிறாள் என்பது அப்புறம் தெரிந்த விஷயம். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் காலி நாற்காலிதான்.

ஏழரை தாண்டி வந்தாள். கையில் கேஸ் ஷீட். மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள், அரைஞாண் கயிற்றை அவளே அறுத்தாள், ஊசி போட்டால் ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா என்று கேட்டாள். "வாயைத் திறங்கண்ணா. பல்செட், ஆடுற பல்லு ஏதாவது இருக்குதுங்களா?" என்று குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலையே" என்றேன்.

"பச்சைக் கற்பூரம் மணக்குதும்மா."

"நெத்தியில குங்குமம் வச்சிருக்கேன், அந்த வாசனை."

பொய் எவ்வளவு வேகமாக வந்தது! மனு கூட அவ்வளவு வேகமாக அடித்ததில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, "அண்ணா, நீங்க சொல்லுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எந்தக் கேள்விக்கும் முதலில் என்னைத்தான் பார்ப்பார். அவள் பாக்கெட்டிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்தாள். கடைவாயில் ஒரு ஏலக்காய்த் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கேஸ் ஷீட்டில் என்னவோ எழுதினாள். மேஜைக்குப் போய்ப் போன் பேசினாள். திரும்பி வந்து, "இன்னிக்கு ஆபரேஷன் இல்லீங்க. அடுத்த வெள்ளிக்கிழமைதான் லிஸ்ட்ல சேர்ப்பாங்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

அவ்வளவுதான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வாரம் லீவு சொல்லி, காண்ட்ராக்டரிடம் கெஞ்சி வந்திருக்கிறார் அவர். இன்னும் ஒரு வாரமா? அவள் அடுத்த ஹாலுக்குத் திரும்பினாள், நான் நடைபாதையில் வழியை மறித்தேன். "கோயில் பிரசாதத்தை எச்சிச் சோறுன்னு நினைச்சியா? பெருமாளை விட நீ பெரிய ஆளா? அரை மணி நேரம் எங்கடி போயிருந்தே நீ? சம்பளம் வாங்கலை?" என்றெல்லாம் கத்தினேன். வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. "அக்கா, வழி விடுங்க. அங்க வேலை இருக்கு" என்றாள் அவள், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. நான் விடவில்லை. வாட்ச்மேன் வந்து என் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

மத்தியானம் கடைக்குப் போய் மனு அடித்தேன். பிரசாதத்தை இழிவாகப் பேசினார் என்று அடித்தேன். பேசவில்லை. ஒருமையில் விளித்தார் என்று அடித்தேன். ஒருமையில் பேசியது நான். பொங்கல் கொடுத்ததை அடிக்கவில்லை. கடைசியாக, பணி நேரத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலாக இருக்கையில் இல்லை என்று ஒரு வரி. அந்த மனுவிலேயே உண்மையான வரி அது ஒன்றுதான். சனி, ஞாயிறு என்று ரெண்டு நாள் இருந்தது மனசு ஆறுவதற்கு. ஆறவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டேன். யார் மீது என்று கேட்டார்கள். பெயர் அட்டையைப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், டக்கென்று சொன்னேன்.

புதன்கிழமை மயக்க டாக்டர் வார்டுக்கு வந்தார். இளவயசு, அதிகம் பேசாத மனுஷன். கேஸ் ஷீட்டைப் புரட்டி, "நீங்கதானா அந்தப் பொங்கல்?" என்றார். எனக்கு மறுபடியும் மூண்டது. ஒரு டப்பா பொங்கலுக்கா இவ்வளவு என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"மயக்கம் குடுத்ததும் இந்த இடம் தளர்ந்துடும்மா. வயித்துல இருக்கிறது மேல ஏறி வந்து மூச்சுக்குழாய்ல இறங்கிடும். வெறும் தண்ணின்னாலாவது பரவாயில்லை. நெய்யும் சோறும். நுரையீரல் அடைச்சுக்கும். அன்னிக்கு அந்தப் பொண்ணு பார்க்காம அனுப்பியிருந்தா, இவரை நான் எழுப்பிக் குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியாது."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. "அந்த டப்பாவைக் கழுவி மாமிகிட்ட குடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையைத் திறப்பேன், பாதி மனுவில் எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் கடை ஞாபகம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் போனால், காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் மறுபடி இறங்கித் திரும்பலாமா என்று தோன்றும். அவளைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கண் தானாக அவள் பின்னாலேயே போனது.

அப்படிப் பார்த்த பிறகுதான் அந்த வேலை என்னவென்று தெரிந்தது. ஒரு ஹாலில் ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்தால் இன்னொரு ஹாலில் யாருக்கோ வாந்தி. ஊசி மருந்தைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே "சிஸ்டர்" என்று ஒரு குரல், திரும்புவதற்குள் "சிஸ்டர்" என்று இன்னொரு குரல். சர்க்கரை பார்க்க வேண்டும், கட்டு மாற்றுகிற டாக்டருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ரத்தம் வாங்க ஆள் அனுப்ப வேண்டும், அத்தனையையும் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் செய்யாத கணக்கு. தண்ணீர் குடிக்க அவள் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடியதை ஒரே காலையில் மூன்று தடவை பார்த்தேன். கட்டில்காரர்களும் சும்மா சொல்லக் கூடாது, ஃபேன் சுற்றவில்லை என்றாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் கூப்பிட்டவள்தானே.

என்னவர் ஃபிட்டர் மூளையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வேலையில ரெண்டு ஆள் வேலைக்கு ஒருத்தனைப் போட்டா அன்னிக்குச் சாயங்காலமே ஏதாவது உடைஞ்சு தெரிஞ்சுடும். இங்க இந்தப் பொண்ணு உடையவிடாம பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதான் ஒருத்தருக்கும் தெரியமாட்டேங்குது" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை காலை அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, முதல் நாலு அடி நடக்க வைத்தது அவள்தான். "என் தோளைப் பிடிங்கண்ணா. வயித்தைக் கையால தாங்கிக்கங்க. வலிச்சா நில்லுங்க, உக்காராதீங்க" என்று அவர் வேகத்துக்கு நடந்தாள். அத்தனை அவசரக்காரி அந்த நாலு அடிக்கு மட்டும் அவசரப்படவில்லை. நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கல்லாட்டம் நின்றேன்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு அவள் போனதும், பக்கத்துக் கட்டில்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாவம், அந்தப் பொண்ணுக்கு மெமோ வந்திருக்காம். யாரோ கலெக்டர் ஆபீஸ்ல எழுதிப் போட்டுட்டாங்களாம். ஒப்பந்த நர்ஸாம். இந்த மாசம் ஆர்டர் புதுப்பிக்கணுமாம். மெமோ இருந்தா லிஸ்ட்ல பேரு வராதாம்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீயா?"

நான் பிளாஸ்க் மூடியைத் திருகினேன். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

"நானும் காண்ட்ராக்ட் ஆளுதான்" என்றார். "வருஷா வருஷம் அந்த லிஸ்ட்ல பேரு வருமா வராதான்னு நான் தூங்காம புரண்டதை நீ பக்கத்துல படுத்துப் பார்த்தவ. போ. போய் எழுதினதைத் திருப்பி வாங்கு."

திருப்பி வாங்குவது சோற்றைத் திருப்பிப் பானையில் போடுகிற கதை இல்லை என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது. கலெக்டர் ஆபீஸில், "கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்" என்றார்கள். ஆஸ்பத்திரி ஆபீஸில், "விசாரணைக்கு எடுத்தாச்சு, வாய்ல சொன்னா முடியாது" என்றார்கள். அங்கே இருந்த சூப்பிரண்டென்ட் நல்ல மனுஷர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு விளக்கினார்.

"பிரசாதம், ஒருமையில பேசினது, அதையெல்லாம் யாரும் பெருசா எடுத்துக்கலைம்மா. வார்டுல கேட்டோம், அப்படி ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா இருக்கையில் இல்லைன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் மாட்டிக்கிச்சு. அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டுச்சு."

"அவ இன்னொரு ஹால்ல இருந்தா சார்! அங்க ரத்தம் போச்சு!"

"அது உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றார். "எழுதிக் குடுங்க. முழுசா எழுதிக் குடுங்க."

பத்து நிமிடத்தில் மனு அடிக்கிறவள் அன்று கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். மிஷின் சூடாகி வாசனை வந்தது, அணைத்தேன், திரும்பப் போட்டேன். நான் பொய் சொன்னேன் என்று நாலு வார்த்தை அடிப்பதற்கு விரல் வரவில்லை. தவறான புரிதல் காரணமாக என்று அடித்துப் பார்த்தேன். அழித்தேன். பதற்றத்தில் என்று அடித்தேன். அழித்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் உள்ளதை உள்ளபடி அடித்தேன்: பட்டினி போடச் சொன்னது எனக்குத் தெரியும், தெரிந்தே பொங்கல் கொடுத்தேன், கேட்டபோது இல்லை என்றேன், அவர் கண்டுபிடித்து என் கணவரின் உயிரைக் காப்பாற்றினார், அவரைப் பழிவாங்க அந்த மனுவை எழுதினேன். கையெழுத்தைப் போட்டேன்.

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு டாக்டர், நர்சுகளுக்குத் தலைவியான ஒரு அம்மா, சூப்பிரண்டென்ட். சுவரோரமாக அவள். எழுதியதையெல்லாம் வாயாலும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நடுவில் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தலைவி அம்மா மேஜையைப் பார்த்தபடியே, "இந்த வார்டுக்கு ஒரு ஷிஃப்டுக்கு மூணு பேர் வேணும். ஒருத்தியை வச்சு ஓட்டிக்கிட்டு, அவ சீட்ல இல்லைன்னு மெமோ வேற குடுக்குறோம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்து, புகார் கைவிடப்பட்டது என்று எழுதினார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சை முழுசாக இழுத்தேன். வெளியே வரும்போது சூப்பிரண்டென்ட்டிடம், "இப்ப லிஸ்ட்ல அந்தப் பொண்ணு பேரு வந்துடும் இல்லைங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "லிஸ்ட்டே வரலீங்கம்மா. அந்தத் திட்டத்துக்கு இந்த வருஷம் நிதி ஒதுக்கி உத்தரவு வரலை. இந்தப் பொண்ணுக்கு மட்டும் இல்லை, அதுல எடுத்த ஒருத்தருக்கும் ஆர்டர் கிடையாது. உங்க மனுவே இல்லைன்னாலும் இதேதான்."

என் தப்பைக் கூட அவர்கள் பெரிசாக இருக்க விடவில்லை. நான் முட்டி மோதித் திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் சுவர்.

அவள் கீழே இறங்கி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கூப்பிட்டதும் நின்றாள். மூச்சு வாங்க அவள் முன்னால் நின்றேன்.

"நாளைக்கு ட்யூட்டி இருக்காம்மா?" என்றேன் அசட்டுத்தனமாக.

"இருக்குதுங்க."

"ஆர்டர்?"

"அதுதான் இல்லை. ஃபண்டு வந்ததும் சேர்த்துப் போட்டுக்கலாம், அதுவரைக்கும் வாங்கன்னு சொல்றாங்க."

"ஆர்டர் இல்லாம எதுக்கும்மா போறே? போகாதே! எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் நின்னு பாருங்க, அப்ப தெரியும் அவங்களுக்கு!"

"நான் போகலைன்னா ராத்திரி பார்த்த பொண்ணு வீட்டுக்குப் போக முடியாதுங்கக்கா" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அழுகை வந்துவிட்டது எனக்கு. நடுரோட்டில் அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேணாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். அன்னிக்குக் காலையில அஞ்சு பேர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவங்க. உங்க ஹால்ல ரெண்டு, அந்த ஹால்ல மூணு. உங்க வீட்டுக்காரர், இன்னொருத்தர், ரெண்டு பேர் வாயையும் குனிஞ்சு பார்த்தேன். அந்த மூணு பேருக்குப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கலை. ஸ்ட்ரெச்சர் வந்து நிக்குது. ஏதாவது சாப்பிட்டீங்களான்னு வாசல்ல நின்னே கேட்டேன். இல்லைன்னாங்க. இல்லைன்னு எழுதி அனுப்பிட்டேன்." என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் இல்லைன்னுதானே சொன்னீங்க?"

அவளுக்குக் கிடைக்காத அந்த நேரம் எங்கே போயிற்று என்று அவள் சொல்லவில்லை. நடைபாதையில் கையை விரித்து வழி மறித்துக்கொண்டு நின்றவளுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"மூணு பேரும் நல்லபடியா கண்ணு முழிச்சு வந்துட்டாங்க" என்றாள். "நான் பார்த்ததால இல்லை. சும்மா வந்துட்டாங்க. மனு எழுதுறதுன்னா அதை எழுதுங்க."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அன்றே எழுதினேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கவில்லை. வார்டுக்கு ஷிஃப்டுக்கு மூன்று பேர் வேண்டும், அவர்களுக்கு நிரந்தர வேலையும் அதற்கு நிதியும் ஒதுக்க வேண்டும், அது வரும்வரை இப்போது வேலை பார்க்கிறவர்களுக்கு உத்தரவு போட வேண்டும், மூன்று நோயாளிகளை வாயைத் திறக்கச் சொல்ல ஆளில்லாமல் மயக்கம் கொடுக்க அனுப்பியிருக்கிறோம். அவ்வளவுதான் மனு. ஒரு கடுஞ்சொல் இல்லை, ஒரு ஜோடனை இல்லை. திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

கவுண்டரில் இருந்த பையனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பேனாவோடு நிமிர்ந்தான்.

"யார் மேலம்மா புகார்?"

வாயைத் திறந்தேன். ஒரு பெயரும் வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

"நர்ஸ் போடாதவங்க மேல. பணம் ஒதுக்காதவங்க மேல."

"அப்படிப் போட முடியாதும்மா. ஒரு ஆள் பேரு வேணும். பேரு இல்லைன்னா சிஸ்டம் எடுக்காது."

"போன தடவை எடுத்துச்சே" என்றேன்.